சிவப்புக் குப்பி

கரண்ட் போனால் கல்முனையே புழுங்கும். ஸகியாவின் வாய் மட்டும் ஓயாது. அன்றைக்கும் அஸர் தொழுது எழும்பிய கையோடு மின்சாரக்காரர்களை ஏசிக்கொண்டே மகள் நப்லாவின் அறைக்குள் வந்தவள், மேசையிலிருந்த சேற்றுப் போத்தலைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். அதில் கோத்திருந்த சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"இது எதில புள்ள எரியிது?"

நப்லாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்தப் படிப்புக்காக வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தட்டிவிட்டவள் அவள். சேற்றுக்குள் காற்றில்லாமல் வாழும் பக்டீரியா, தன் மேல்தோலிலுள்ள புரதத்தால் இலத்திரனை வெளியே கைமாற்றும். கம்பி கிடைத்தால் கம்பிக்கு; அதுதான் கரண்ட். அந்தப் புரதத்தின் வடிவத்தைக் காண்பதுதான் அவள் வேலை. எத்தனையோ களப்புச் சேற்றைக் கிண்டினாள், இந்தச் சேறுதான் கைகொடுத்தது. பிரித்தெடுத்த புரதம் ரத்தச் சிவப்பு; ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்புதான் அதிலும். கம்பஸ் ஸ்ட்ரைக்கில் மூடியதால், அதை அடைத்த குப்பியை ஐஸ் சுற்றி வீட்டு ஃப்ரிட்ஜில், மீன் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். அது வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய், புரதத்தின் வடிவம் படத்தில் விழுந்தால் பட்டம். இல்லாவிட்டால் இவ்வளவு காலப் பாடும் மண்.

"சேத்திலதான் எரியிதும்மா."

"எங்கத்தச் சேறு?"

"கடக்கரையில, தாழங்காட்டுக்குப் பின்னால உள்ள பள்ளத்துல."

ஸகியா முக்காட்டை இழுத்துவிட்டாள். மையவாடியைக் கடக்கும்போது அங்கே அடங்கியிருக்கும் கபுறாளிகளுக்குச் சொல்லும் ஸலாத்தைப் போத்தலைப் பார்த்துச் சொன்னாள். பல்ப் ஒருதரம் கூடி எரிந்து தணிந்தது. கம்பி அசைந்திருக்கும், வேறென்ன? ஆனாலும் நப்லா மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"சுனாமியில கடல் வந்தப்ப மையத்துகள அங்கதான் அள்ளி அடக்கின. குளிப்பாட்டல்ல, மீஸான் கல்லு நடல்ல. என்ட தங்கச்சி, ஒன்ட சாச்சி றஸ்னாவும் அதுக்குள்ளதான் கிடக்கா. புள்ளையளுக்கு ஏன் சொல்லுவான் எண்டு ஒருத்தரும் வாய் தொறக்கல்ல." ஸகியா போத்தலை மகளின் பக்கம் தள்ளினாள். "கொண்டுபோய்ப் போடு மகள். எடுத்த எல்லாத்தையும்."

இருவருமாகவே போனார்கள். பல்பைக் கழற்றிவிட்டு நப்லா சேற்றைப் பள்ளத்தில் கவிழ்த்தாள். முகமே நினைவில்லாத சாச்சிக்காக அழுகை வந்தது. உம்மா கையேந்தி துஆ கேட்டாள்.

"எல்லாத்தையும் போட்டிட்டியா?"

"ஓம்மா."

குப்பிக்குள்ளிருக்கும் பக்டீரியாவின் புரதம் பக்டீரியாவுடையது, சாச்சியுடையதல்ல என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. உம்மா தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் தண்ணீர்ப் போத்தலைத் தொடவில்லை; மீன் டப்பாவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த சிவப்பிலேயே கண் நின்றது. கை மெதுவாக முக்காட்டுக்குப் போனது. அதே ஸலாம், அதே குரலில்.

"யாரும்மா?" என்றாள் நப்லா.

உம்மா திரும்பவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை. ஸலாத்துக்குப் பதில் வருமட்டும் வாசலில் நிற்பவளைப் போல, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள்.