ராஜாமணி எப்போது தூங்கும்?

எங்கள் வீட்டில் ஒரு போன் சும்மா சும்மா அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால் எந்தப் போனும் அடித்திருக்காது. என் அலாரம், என் வீட்டுக்காரர் அலாரம், மகள் ஷாலின் அலாரம் என்று மூன்று சத்தமும் மாறி மாறி வரும். என் போனை ரிப்பேர் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போனில் ஒன்றுமில்லை என்றான். அப்புறம் ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தேன். கூண்டுக்குள் எங்கள் கிளி ராஜாமணி கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஷாலினின் அலாரத்தை முழுசாக அடித்து முடித்தது.

பச்சைக்கிளி என்று நினைக்க வேண்டாம், அதை வளர்த்தால் கேஸ் போடுவார்கள். இது காக்கடீல் என்கிற வெளிநாட்டுக் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. ஷாலின் சின்னப் பிள்ளையாக, சர்ச்சில் புதுநன்மை எடுத்த வருஷம் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. இப்போது அவள் வேலைக்கே போகிறாள். இந்த ஜாதிக்கு அது கிழ வயசு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் எங்களைப் போல நிறைய வீடுகள் உண்டு. மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். கார் ஒயர் கட்டும் லைனில் எனக்கு ஏ ஷிஃப்ட், விடியுமுன் கிளம்பி மூன்று மணிக்கு வருவேன். ஷாலின் மதியம் போய் ராத்திரி வருவாள். அவள் அப்பா ஜெபதாஸ் ஒரு கம்பெனி கேட்டில் நைட் செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட ஆளுக்கொரு நேரம் போகிற குடும்பம். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் எதிரே முழித்துக்கொண்டிருப்பது ராஜாமணிதான். "அப்பா சாப்பிட்டாரா? பாப்பா கோவமா போனாளா?" என்று அதனிடம்தான் கேட்பேன். பதிலுக்கு ஒரு அலாரம் அடிக்கும்.

போன மாசம் அலாரம் நின்றுவிட்டது. கழுத்தடியில் இறகு கொட்டித் தோல் தெரிந்தது. ஒருநாள் உட்கார்ந்திருந்த கம்பியிலிருந்து அப்படியே சரிந்து தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது வாடகை மட்டும்தான்.

எனக்கு வாராந்திர லீவு வந்த அன்று கூண்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மதிவதனி சின்னப் பெண். ராஜாமணியைத் துண்டில் சுருட்டி, வாயைப் பார்த்து, நெஞ்செலும்பைத் தடவி, தராசில் வைத்தாள்.

"இன்னா குடுக்குறீங்க?"

"வேர்க்கடலை, சூரியகாந்தி விதை."

"யாரு குடுக்குறது?"

"நான்தான். அப்புறம் அவரு. அப்புறம் எம்பொண்ணு." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் மற்றவர் போட்டிருக்க மாட்டார் என்று அள்ளிப் போட்டிருக்கிறோம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "விதைய குறைங்க, கீரை குடுங்க. அது சரியாயிரும். சரி, இது எப்ப தூங்குது?"

"நான் வேலைக்குப் போனப்புறம் தூங்கும்."

"பாத்தீங்களா?"

இது என்ன கேள்வி என்று கடுப்பாக இருந்தது. அன்றைக்குத் தோழி வீட்டில் தங்கியிருந்த ஷாலினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நான் ட்யூட்டிக்குப் போனதும் தூங்கும்மா. ஏன்?"

அடுத்து அவருக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ராஜாமணியா? நீ வந்தப்புறம் தூங்கும் மேரி. டாக்டரு இன்னா சொல்றாரு?"

டாக்டர் என்னையே பார்த்தாள். "அம்மா, வயசான கிளிக்கு ராத்திரி பூரா இருட்டு வேணும். மூணு பேர்ல ஒருத்தர்கூட இது தூங்கிப் பாத்ததில்ல. இப்படியே போனா தாங்காது."

ராத்திரி ஷாலின் வந்தால் லைட், விடியுமுன் நான் எழுந்தால் லைட், எங்கள் வீட்டில் இருட்டு எங்கே இருந்தது? ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே வந்தது. மணி பதினொன்று. நைட் முடித்து வந்தவர் அந்த நேரத்தில் அடித்துப்போட்டதுபோல் தூங்க வேண்டும். முதல் மணியிலேயே எப்படி எடுத்தார்?

வீட்டுக் கதவைச் சத்தம் போடாமல் திறந்தேன். படுக்கை விரித்தபடி இருந்தது, தலையணையில் பள்ளமே இல்லை. கூண்டு தொங்கும் கொக்கிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"தூங்கலையா?"

"இப்பத்தான் எழுந்தேன்."

"பொய் சொல்லாதீங்க. தலையணையப் பாத்தாச்சு."

எழுந்து கூண்டை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். "பகல்ல வரமாட்டேங்குது மேரி. கண்ண மூடுனாலும் வெளிச்சமா கீது. ரொம்ப வருஷமாவே இப்டித்தான். இதோட சேந்து விசிலடிச்சுக்கினு உக்காந்திருப்பேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ கத்துவ."

கத்தத்தான் செய்தேன். கிளியைக் கொல்லப் பார்த்தீர்களா, உங்களையே கொல்லப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன். இத்தனை வருஷம் நான் வரும்போதெல்லாம் முகம் கழுவித் தலைவாரி இருப்பார். நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்ட கேள்வியை இவருக்கு யாரும் கேட்கவே இல்லை.

பகல் ஷிஃப்ட் கேளுங்கள் என்றேன். தனக்காக ஒரு டீ கேட்கவே கூச்சப்படுகிறவர், மாட்டேன் என்றார். "உங்களுக்கு வேணாம். ராஜாமணிக்குக் கேளுங்க. நீங்க முழிச்சிருக்கிற வரைக்கும் அதுவும் முழிச்சிருக்கும்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றிருக்கிறார். வீட்டில் வயசானவருக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி கூட இருக்க வேண்டும் என்றாராம். யார் என்று கேட்டதற்கு ராஜாமணி என்றாராம். பாவம், ராஜாமணி என்றால் இவருடைய மாமனார் என்று சூப்பர்வைசர் நினைத்து உடனே பகல் ஷிஃப்ட் போட்டுக் கொடுத்துவிட்டான். நாங்களும் திருத்தவில்லை.

பொழுது சாய்ந்தால் இப்போது கூண்டுக்குக் கறுப்புத் துணி. ஷாலின் வந்தால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். என் போனை வைப்ரேட்டில் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு படுக்கிறேன். ராஜாமணி கழுத்தில் புது இறகு முள் முள்ளாகக் கிளம்பியிருக்கிறது. நேற்று விடிகாலை கிளம்பும்போது ஆசை தாங்காமல் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக்காலில் நின்று, தலையை முதுகு இறகுக்குள் புதைத்துக்கொண்டு தூங்கியது. தூங்கும்போது அது இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

துணியை விட்டுவிட்டுத் திரும்பினால் கீழே பாயில் இவர், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு. தூங்கும்போது இவர் கை அப்படித்தான் போகும் என்பது மறந்தே போயிருந்தது.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கிளியும் அசையவில்லை, இவரும் அசையவில்லை. இரண்டாவது தடவை அடித்துவிட்டு பஸ் போய்விட்டது. நான் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.