பெட்டியின் அடியில் சின்ன எழுத்து

தங்கை புது ஆபீஸ் திறக்கிறாள் என்பதும், அதற்கான கம்ப்யூட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொழுந்தனிடம் கொடுத்திருக்கிறாள் என்பதும் அண்ணன்காரருக்கு ஒரே நாளில் தெரியவந்தது. முதல் செய்திக்குச் சந்தோஷப்பட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. இரண்டாவது செய்தி வந்து அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டது.

பின்னே இருக்காதா? பன்னிரண்டு வருஷம். தங்கை ஆவணங்களை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுக்கும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து, அவள் மேஜைக்கு ஒரு மௌஸ் வருவதாக இருந்தாலும் அண்ணன் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் பஸ் டிப்போ அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பவர். அவளுடைய முதல் மெஷினில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவரும் அவர்தான். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற அந்த லினக்ஸ் இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, பழைய மெஷினிலும் ஓடும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்: வாங்குகிற சாமானுக்கு லினக்ஸில் டிரைவர் இருக்கிறதா என்று. டிரைவர் என்பது கம்ப்யூட்டரும் அதில் செருகிய சாமானும் பேசிக்கொள்ள உதவும் சின்ன நிரல். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஒசத்தியான சாமானும் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். டிப்போவில் இதைச் சொல்லும்போதெல்லாம், "டிரைவர் லீவா சார்?" என்று சிரிப்பார்கள். பத்து வருஷமாக அதே ஜோக்.

தங்கைக்கு இந்தக் கவலை ஒன்றும் கிடையாது. வாங்கி வந்த பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அண்ணன் பார்த்தாச்சுல்ல, நான் வேற என்னத்தப் பார்க்கணும்?" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கடை கடையாக ஏறி இறங்கிக் கழித்திருக்கிறார்!

இப்போது கொழுந்தன். தங்கை புருஷனின் தம்பி. மருந்துக் கடையில் வேலை, போன வருஷம்தான் அவர்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தவன். மாத்திரை விற்கிறவனுக்கும் மதர்போர்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?

மனைவியிடம் சொல்லிக் குமுறினார். அவள் துணி மடித்துக்கொண்டே, "போன தடவை உங்க தங்கச்சி பிரிண்டர் வாங்கணும்னு கேட்டப்ப, எனக்கு வேற வேலையில்லையான்னு எரிஞ்சு விழுந்தது யாரு?" என்றாள்.

"அது சும்மா சொன்னது."

"அவ சும்மா கேட்கலையே."

அதற்கு மேல் பேச்சை வளர்த்தால் தனக்குத்தான் சேதம் என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, யாரும் கூப்பிடாமலே புது ஆபீசுக்குப் போனார். மாடியில் இரண்டு அறை. சுவரில் புது வெள்ளை வாசம் போகவில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒயர் இழுக்கக் கூடாது என்று கட்டடக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ஆறு மெஷினுக்கும் இணையம் காற்றில்தான் வர வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி வருகிறார். ஆறு மெஷினும் அவர் கண்ணெதிரே ஓடினால் மூன்று வருஷத்துக்கு அவர்கள் ஆவண வேலை முழுவதும் தங்கைக்கு. ஓடாவிட்டால் கீழ்த்தெருவில் இன்னொரு ஆபீஸ் காத்துக்கொண்டிருக்கிறது. புது ஆட்கள் நாலு பேருக்கு வேலைக்கு வரச்சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொழுந்தன் மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். தலையை வெளியே நீட்டி, "வாங்க மாமா!" என்றான். முகமெல்லாம் பல். அந்தப் பல்லைப் பார்க்கவே இவருக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு எடுத்துட்டுக் கடைக்கே போயிட்டாரு அண்ணா," என்றாள் தங்கை. "ஒவ்வொரு மெஷினா அதுல கிளப்பி, சத்தம் வருதா, தூங்க வச்சா எழுந்திருக்குதா, பிரிண்டர் பேசுதான்னு அங்கேயே பார்த்துட்டுத்தான் வாங்கினாரு. கடைக்காரன் அசந்துட்டானாம்."

அண்ணன்காரருக்குச் சுருக்கென்றது. அது அவருடைய முறை. வரிசைகூட அதேதான்: சத்தம், தூக்கம், பிரிண்டர். இதை இவன் எங்கே பொறுக்கினான்? தன் சட்டையை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு எதிரே நிற்பது மாதிரி இருந்தது. அதைவிட எரிச்சல், அந்தச் சட்டை அவனுக்குப் பொருந்தியும் இருந்தது. மெஷின்களை எட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கிராஃபிக்ஸ், சவுண்டு எல்லாம் லினக்ஸோடு ஒத்துப்போகிற சரக்கு. அவரே போயிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பார்.

மேஜை ஓரத்தில் ஆறு சின்னப் பெட்டிகள் இருந்தன. காற்றில் வரும் இணையத்தைப் பிடிக்க மெஷினில் செருகுகிற வைஃபை டாங்கிள்.

"இதை மட்டும் கடையில பிரிக்க விடலை மாமா. சீல் உடைக்கக் கூடாதுன்னுட்டான். நாளைக்குக் காலையிலதான் போட்டுப் பார்க்கணும்."

ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பினார். பழகிய கை அல்லவா, நேராக அடிப்பக்கம் போனது. பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், வெர்ஷன் 3.

அவருக்குத் தெரியும். இதே டாங்கிளின் முதல் வெர்ஷன் தங்கம். செருகினால் ஓடும். மூன்றாவது வெர்ஷனில் பெயரையும் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற சிப்பை மாற்றிவிட்டார்கள். அதற்கு லினக்ஸில் டிரைவர் இல்லை. ஆறு மாதம் முன்பு டிப்போவுக்கு இதில் நாலு வாங்கி, இரண்டு நாள் மல்லுக்கட்டி, கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தவர் அவர்.

சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கை, "என்ன பொறுமை தெரியுமா அண்ணா தம்பிக்கு? ஒரே விஷயத்தை நான் நாலு தடவை கேட்டாலும் சலிச்சுக்கவே மாட்டேங்கறாரு," என்றாள்.

வாய் மூடிக்கொண்டது. பெட்டியை இருந்த இடத்தில் வைத்தார்.

"நல்ல கம்பெனிதான்," என்றார்.

படி இறங்கும்போது நெஞ்சு கொஞ்சம் குறுகுறுத்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அதை ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துவிட்டார். நாளைக்குச் சனிக்கிழமைதானே? கடை சாயங்காலம் வரை திறந்திருக்கும். வேலை கெட்டுப்போகாது. மருந்துக்கடைக்காரன் மூஞ்சி கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். தங்கைக்கும் அண்ணன் அருமை தெரியட்டும்.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்குப் போன் வந்தது. "அண்ணா, ஒண்ணுமே கனெக்ட் ஆகலை. நீ கொஞ்சம் வரியா?" குரல் கம்மியிருந்தது. அண்ணன்காரர் கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொண்டார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். 'ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா...' அதோடு நிறுத்த வேண்டும். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

ஆபீசில் ஆறு திரைகளிலும் வைஃபை அடையாளத்தின் மேல் குறுக்குக்கோடு. கொழுந்தனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இணையத்தில் யாரோ எழுதிப் போட்ட டிரைவரைத் தன் போன் மூலம் இறக்கி ஏற்றிப் பார்த்திருக்கிறான். பத்து நிமிஷம் ஓடிவிட்டு மெஷின் உறைந்துபோகிறதாம்.

"கடைக்காரன் சொன்னதைக் கேட்டு வாங்கினீங்களா தம்பி?" என்று தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். மரியாதை குறையவில்லை. குரல்தான் கடுத்திருந்தது.

"இல்ல அண்ணி. நான்தான் ஏதோ தப்பா ஏத்தறேன். சாமான் தப்பா இருக்காது. திருகாணி எழுதினா தப்பா இருக்காது."

அண்ணன்காரருக்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் மறந்துபோனது.

"யாரு?" என்றார்.

"இணையத்துல லினக்ஸ்காரங்க மன்றம் ஒண்ணு இருக்கு மாமா. அதுல திருகாணின்னு ஒருத்தர். எந்தச் சாமானுக்கு டிரைவர் நல்லா இருக்குன்னு ஒண்ணொண்ணா வாங்கிப் பார்த்து எழுதியிருக்காரு. பத்து வருஷத்து எழுத்து. எல்லாத்தையும் அச்செடுத்துத் தச்சு வச்சிருக்கேன். மெஷினைக் கடையிலேயே எப்படிச் சோதிக்கணும்னு அதைப் படிச்சுத்தான் கத்துக்கிட்டேன்." பையிலிருந்து தடிமனான காகிதக் கட்டை எடுத்து நீட்டினான். ஓரமெல்லாம் பேனாக் குறிப்பு, மாத்திரை அட்டையை நறுக்கிப் பக்க அடையாளம். "ரெண்டு வருஷமா அவர் ஒண்ணும் எழுதலை. நான் ஒரு நன்றிகூட எழுதாம விட்டுட்டேன்."

இரண்டு வருஷம் முன்பு எழுதுவதை நிறுத்தியதற்குக் காரணமே அதுதான். ஒரு பயலும் நன்றி சொல்வதில்லை, எவனுக்காக மெனக்கெட வேண்டும் என்று திருகாணி வெறுத்துப்போய் எழுந்துவிட்டார். மனைவிக்குக்கூடத் தெரியாத பெயர் அது. ஆபீஸ் நேரத்தில் எழுதியதால் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெயர்.

கட்டைப் பிரித்தார். அடையாளம் வைத்த பக்கத்தில் அந்த டாங்கிளின் பெயர் இருந்தது. கீழே அவருடைய வரி: 'செருகினால் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.' வெர்ஷன் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியபோது ஒரே வெர்ஷன்தான் இருந்தது. டிப்போவில் மூன்றாவது வெர்ஷன் காலை வாரிய அன்று, இந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

பேசாமல் இருந்துவிட்டால் போயிற்று. எதிரே நிற்பவன் பழியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் யார் மேல் இத்தனை நாள் வயிறு எரிந்தாரோ அவன் கையில் தன் பத்து வருஷம் தைத்து அட்டை போட்டு இருப்பதைப் பார்த்த பிறகு, அவரால் அந்தக் கட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

"மாப்ளே, நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை," என்றார். "திருகாணி நான்தான். இது பழைய வெர்ஷனுக்கு எழுதினது. இப்ப வர்ற மூணாவது ஓடாது. மாத்தி எழுதாம விட்டது நான்."

கொழுந்தன் ஒரு கணம் திகைத்துவிட்டு, அப்புறம் முகமெல்லாம் பல்லாக, "மாமா! நீங்களா?" என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தைத் தாங்குவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

தங்கை சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீ அந்தப் பெட்டியைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்தியே அண்ணா."

"ஆமா."

"மூணுன்னு போட்டிருந்ததைப் பார்த்தியா?"

கொழுந்தன் கையை விட்டான்.

"பார்த்தேன்," என்றார் அண்ணன்காரர். "எனக்குப் பொறுக்கலம்மா. நீ என்னைக் கேட்கலையேன்னு இருந்தது."

அவள் திட்டியிருந்தால் தேவலை. "திங்கட்கிழமை யாரு வராங்கன்னு உனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். பிறகு மேஜையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இப்ப எதை வாங்கணும்னு எழுது."

வேறு மாடல் ஒன்றின் பெயரை எழுதி, வெர்ஷன் 2 என்று அடிக்கோடு போட்டார். டிப்போவில் கடைசியில் ஓடியது அதுதான். கொழுந்தன் காகிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஆறு பெட்டிகளையும் பையில் அள்ளிக்கொண்டு கிளம்பினான். அவன் வருவதற்குள் அண்ணன்காரர் தன் போனிலேயே மன்றத்தைத் திறந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் பெயரில் ஒரு வரி எழுதினார். 'மூன்றாம் வெர்ஷன் ஓடாது. அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். முன்பு எழுதியது என் தவறு.' தங்கை பின்னால் வந்து நின்று படித்தாள்.

முக்கால் மணி நேரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. அவருக்குத்தான்.

"மாமா, ஆறும் இருக்கு. அடியில ரெண்டுன்னுதான் போட்டிருக்கு. எடுத்துடலாமா?"

"எடுத்துக்க மாப்ளே. கண்ணை மூடிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "எடுத்துக்க."

தங்கை கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"தம்பி, பணம் கட்டிடாதீங்க. பெட்டி அடியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ஆறையும்."

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கைப்பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அண்ணன் எழுதிய துண்டுக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கத் தொடங்கினாள். அண்ணன்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறாவது படம் முடியும்வரை காத்திருந்தார்.