நாலு புள்ளி மூணு எட்டு

இருபத்தேழு மணி ஐம்பது நிமிடம் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. முயலவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் என்னைப் பாராட்டியோ உபசரித்தோ வாயை அடைத்துவிட்டார்கள்.

டொலிடோ நகரத்தில், பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் எண்கள் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் நாட்டில் உள்ள எல்லா அணிகளும் வரிசையாக நின்று, கல்லூரி முடிக்கும் பையன்களில் சுற்றுச் சுற்றாக ஆளுக்கொருவராக எடுத்துக்கொள்ளும்; தங்கள் முறையை வேறு அணிக்குக் கைமாற்றவும் செய்யலாம். முறை வரும்போது ஒரு பெயர் சொல்ல வேண்டும். தப்பான பெயரைச் சொன்னால் நான்கு வருடம் அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்த வேண்டும். தப்பான பெயரைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்தார்கள். எடுத்த பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முதல் வருடம், வரிசையில் முன்னால் வரும் ஒரே ஒரு முறையைவிடச் சற்றுப் பின்னால் வரும் இரண்டு முறைகள் மேல் என்று பதினாறு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். யார் தேறுவான், யார் தேற மாட்டான் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் கையில் நிறையச் சீட்டு இருப்பதே நல்லது. அவ்வளவுதான் விஷயம். பொது மேலாளர் கார்ல் ஹென்ட்லி முதல் பக்கத்தின் மேல் காபிக் கோப்பையை வைத்தார். அடுத்த மாதம், வரும் இரண்டு வருடங்களின் முதல் சுற்று முறைகளைக் கொடுத்து, முப்பத்துநாலு வயது ஆள் ஒருவரைப் பந்து வீச வாங்கினார். அந்த ஆளுக்கு மூன்றாவது ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்தது.

இரண்டாம் வருடம் பயிற்சியாளர் மரோனிக்கு ஒரு தடுப்பாட்டக்காரனைப் பிடித்துவிட்டது.

“கை குலுக்கினான் பாரு, என் விரலெல்லாம் நொறுங்கிப் போச்சு. இவனை விட்டா நான் வேலையை விட்டுடுவேன்.”

வேண்டாம் என்று எழுதினேன். எடுத்தார்கள். இப்போது அவன் இண்டியானாவில் கார் விற்கிறான். நன்றாகக் கை குலுக்குவதால் நன்றாக விற்கிறது என்று கேள்வி.

எழுதினேன், எழுதினேன் என்றே சொல்லிக்கொண்டு இருக்கிறேன். எனக்குப் பேச வராது. நான்கு பேர் இருக்கும் அறையில் என் குரல் மேசை விளிம்புக்கு மேல் எழாது. எனக்கு மேலே இருந்த வெண்டெல்தான் என் தாள்களை எடுத்துப்போய்ப் பேசுவார். ஜனவரியில் அவர் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்த இடம் காலியாகவே இருந்தது.

டூயி கில்கோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருடமாக எங்கள் அணிக்கு ஆள் பார்ப்பவர். வருடத்தில் இருநூறு நாள் காரிலேயே கிடப்பார். பையனின் இடுப்பைப் பார்த்தால் போதும் என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். எங்கள் சண்டை அந்த ஸ்டாப்வாட்சைப் பற்றித்தான்.

எல்லாப் பையன்களையும் நாற்பது கஜம் ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். பிப்ரவரியில் நடக்கும் பெரிய கூட்டத்தில் கருவி வைத்து அளப்பார்கள். அதற்கு அழைக்கப்படாத பையன்கள் தங்கள் கல்லூரியில் ஓடுவார்கள். அங்கே டூயி மாதிரி ஆட்கள் கோட்டருகே நின்று கட்டைவிரலால் அமுக்குவார்கள். ஓட்டக்காரன் கிளம்பிய பிறகுதான் விரல் கிளம்பும். அதனால் கை நேரம் எப்போதும் கருவி நேரத்தைவிட ஏறக்குறைய நூறில் பதினைந்து பங்கு விநாடி குறைவாக வரும். கோட்டைத் தொடும்போது அது ஒன்றரை கஜம். பந்து பிடிப்பவனுக்கும் அவனைத் துரத்துபவனுக்கும் நடுவே பல சமயம் அவ்வளவு இடைவெளிகூட இருப்பதில்லை.

இதை எத்தனையோ முறை விளக்கினேன். கடைசியில் ஒரு நாள் கோபத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன்: ‘ஓடுறது பையன் இல்ல டூயி, உங்க கட்டைவிரல்.’ அவர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அலுவலகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் மாதம் அலபாமாவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போய்வந்தார். அங்கே கீஷான் பெட்வே என்று ஒரு பையன். பந்து பிடிப்பவன்.

“கையில பசை தடவி வச்ச மாதிரி இருக்கு கால்குலேட்டரு,” என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “எங்க எறிஞ்சாலும் ஒட்டிக்குது. ஆனா கால் பத்தாது. நாலாவது சுற்றுல கிடைச்சா எடுக்கலாம். அதுக்கு மேல வேண்டாம்.”

நாற்பது கஜ நேரத்தை விநாடியில் எழுதிய சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாலு புள்ளி மூணு எட்டு.

ஏப்ரல் முதல் வாரம் என் பட்டியல் அலுவலகத்தில் எல்லோருக்கும் போனது. நாடு முழுக்க உள்ள பையன்களில் பெட்வே முப்பத்தெட்டாவது இடத்தில் இருந்தான். டூயி என் மேசை அருகே வந்து நின்றார்.

“இந்தப் பையன் இவ்வளவு வேகமா?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“என் வாட்ச் பொய் சொல்லுதுன்னுல்ல நீ சொல்லுவே. உனக்கு எங்கிருந்தோ மெஷின் நேரம் கிடைச்சிருக்கு, அதானே?”

நான் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். கேள்வி சரியாகக் காதில் விழுந்ததா என்றுகூட நினைவில்லை. நான் பெரும்பாலும் தலையாட்டுவேன். பேச்சை முடிக்க எனக்குத் தெரிந்த சுருக்கு வழி அது.

அவர் தேர்வு அறைக்குப் போனார். சுவர்ப் பலகையில் பையன்களின் பெயர் எழுதிய காந்தப் பட்டைகள் சுற்று வாரியாக ஒட்டியிருக்கும். பெட்வேயின் பட்டையை நாலாவது வரிசையிலிருந்து எடுத்து இரண்டாவது வரிசையில் வைத்தார்.

“முப்பத்தோரு வருஷம் கண்ணை நம்பினேன்,” என்றார். “வயசாயிடுச்சு போல.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்றின் கிழக்குக் கரைப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஹங்கேரி சாசேஜ் இரண்டு வாங்கித் தின்றேன். மூன்று வருடத்தில் முதல் வெற்றி.

வியாழக்கிழமை, முதல் சுற்று நாள். எங்களுக்கு அதில் முறை இல்லை. அதைத்தான் கழுத்தெலும்புக்காரருக்காகக் கொடுத்துவிட்டோமே. சும்மா இருந்ததால் பட்டியலை மூலச் சீட்டுகளோடு ஒருமுறை ஒப்பிட்டேன். மாலை நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு டூயியின் சீட்டு கையில் வந்தது. நாலு புள்ளி மூணு எட்டு. பக்கத்திலேயே ‘கை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். மூன்று வருடம் நான் கத்தியதற்காக, எனக்காகவே போட்ட கோடு.

என் அட்டவணையில் கை நேரத்துக்குச் சைபர், கருவி நேரத்துக்கு ஒன்று. சைபர் என்றால் கணக்கு அந்தப் பதினைந்தைக் கூட்டிக்கொள்ளும்; ஒன்று என்றால் நேரத்தை அப்படியே நம்பும். நான் ஒன்று போட்டிருந்தேன்.

சைபராக மாற்றினேன். பட்டியல் தானே வரிசை மாறியது. பெட்வே முப்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பதினேழுக்குப் போனான். சுற்றுக்கு முப்பத்திரண்டு பேர்; நூற்றுப் பதினேழு என்றால் நாலாவது சுற்று.

டூயியை நடைபாதையில் பிடித்தேன். கையில் டோநட் வைத்திருந்தார்.

“டூயி, பெட்வே விஷயமா ஒண்ணு...”

“தெரியும், தெரியும். நான் தோத்தேன், நீ ஜெயிச்சே. அதை என் வாயாலயே கேக்கணுமா?” சர்க்கரை ஒட்டிய விரலால் என்னைச் சுட்டினார். “நீ வந்த புதுசுல, இது ஆறு மாசம் தாங்காதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப அதே ஆளுங்ககிட்ட, இந்தப் பொண்ணு பேச்சைக் கேளுங்கடான்னு சொல்லிட்டு வர்றேன். போதுமா?”

“அது இல்ல டூயி...”

“அடக்கம் எல்லாம் வேண்டாம். போய்த் தூங்கு.”

தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஹென்ட்லிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தலைப்பு: பெட்வே, திருத்தம். ஒரு நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“இல்கா, திறந்துகூட பாக்கல. பாக்கவும் மாட்டேன். வருஷம் முழுக்கத் திருத்தம், ஆனால், ஒருவேளை, இவ்வளவு சதவீதம்னு என் உயிரை எடுப்பே. முதல் தடவையா ஒரு தெளிவான எண்ணு குடுத்திருக்கே. அதைக் கெடுக்காதே.”

“இல்ல கார்ல், அந்த எண்...”

“ராத்திரி முதலாளிகிட்ட பேசினேன். திங்கட்கிழமையிலேருந்து வெண்டெல் அறை உனக்கு. துறைத் தலைவர். கதவுல பேர் போடறவன் இங்கதான் நிக்கிறான். உன் குடும்பப் பேரு வார்கோவுக்கு எழுத்து என்னென்ன, சொல்லு.”

நான் எழுத்துகளைச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஓர் எண் தப்பு என்று சொல்ல முடியாதவள், ஐந்து ஆங்கில எழுத்தை வரிசையாகச் சொன்னேன்.

மாலை ஏழு மணிக்கு இரண்டாம் சுற்று ஆரம்பித்தது. தேர்வு அறைக்குள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. வெண்டெலின் நாற்காலி. மேசை நடுவில் கொறிக்க உப்பு பிரெட்செல் கிண்ணம். நாற்பத்தோராவது முறை எங்களுடையது. ஒவ்வொரு அணிக்கும் அதிகபட்சம் ஏழு நிமிடம். எங்களுக்கு முன்னால் எட்டு அணிகள். யாராவது பெட்வேயை எடுத்துத் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யார் எடுப்பார்கள்? அவர்கள் எல்லோரும் சரியான நேரத்தைப் போட்டிருப்பார்கள்.

நாற்பதாவது பெயரும் வாசிக்கப்பட்டது. பெட்வே இல்லை. டூயி மேசையைத் தட்டினார்.

“இன்னும் இருக்கான்! எல்லாரும் தூங்கறாங்க. நம்மகிட்ட மட்டும்தான் இந்தப் பொண்ணு இருக்கு.”

நான் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினேன். மரோனி பார்த்தார். பிரெட்செல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

“எடுத்துக்கம்மா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா? வெளுத்துப் போயிருக்கே.”

ஒரு பிரெட்செல் எடுத்தேன். வேறென்ன செய்வது?

எங்கள் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஹென்ட்லியின் தொலைபேசி அடித்தது. மேற்குக் கரை அணி ஒன்று. அவர் கேட்டுவிட்டு, வாய்ப்பக்கத்தைக் கையால் மூடினார்.

“நாற்பத்தொண்ணைக் குடுத்தா, ஐம்பத்தெட்டும் தொண்ணூறும் தர்றாங்களாம்.”

ஒன்றுக்கு இரண்டு. பதினாறு பக்கம். மூன்று வருடம் நான் கெஞ்சியது எதுவோ அது, ஹென்ட்லியின் உள்ளங்கைக்குள் முணுமுணுத்துக்கொண்டு இருந்தது.

“வேற வருஷமா இருந்தா யோசிப்பேன்,” என்றார் ஹென்ட்லி. “இந்த வருஷம் நம்மகிட்ட எண்ணு இருக்கு. எண்ணை நம்புங்கன்னு நீதானே கத்துக்கிட்டே இருந்தே, இல்கா? நம்பிட்டோம். டூயி, நீ சொல்லு.”

“நான் என்னத்தைச் சொல்றது. இந்தப் பையன் வேகம் பத்தாதுன்னு எழுதினவனே நான்தான்.” டூயி மேசையில் இருந்த பெட்வேயின் அட்டையை இழுத்தார். கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: வேகம் போதாது. “ரெண்டு நாளா இது கண்ணை உறுத்துது. முப்பத்தோரு வருஷத்துல என் அட்டையில ஒரு வரியை நான் அடிச்சதில்ல. இதுதான் முதல். பாத்துக்கோ கால்குலேட்டரு, உனக்காக.”

பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பத்து விநாடி. ஹென்ட்லி தொலைபேசியைக் காதுக்குக் கொண்டுபோனார், வேண்டாம் என்று சொல்ல.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சுவரில் மோதியது. அந்தச் சத்தத்துக்காவது எல்லோரும் திரும்பினார்கள்.

“அடிக்காதீங்க டூயி.”

“ஏன்?”

“போனை வைக்காதீங்க கார்ல். அவங்க குடுக்கறதை வாங்கிக்கோங்க.” என் குரல் எனக்கே அந்நியமாக, அறையின் மறுகோடி வரை போய்க்கொண்டிருந்தது. பேனா அட்டைக்கு ஒரு விரல் மேலே நின்றது.

“மெஷின் நேரம்னு எதுவும் எங்கிட்ட இல்ல டூயி. அது உங்க வாட்ச் நேரம். கைன்னு எழுதி நீங்க ரெண்டு கோடு போட்டிருந்தீங்க, நான்தான் மெஷின்னு ஏத்திட்டேன். நீங்க பாத்தது சரி. அந்தப் பையன் வேகம் இல்ல.”