ஸ்டான்லி ஏறாத படகு

தாய்லாந்தில் புக்கெட் போனாலும் ஸ்டான்லியின் குரலைத்தான் கேட்டாக வேண்டும் என்று கேசியாவுக்குக் கிளம்பும்போதே தெரியும். ஸ்டான்லி அவள் கணவன் தியோடரின் அண்ணன். சித்தூரில் கிறிஸ்தவ சபைச் செயலாளர். கையில் மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். சபையிலிருந்து சில குடும்பங்களைத் திரட்டி, எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பியை மாட்டி, விமானம் ஏறும்வரை பாட்டுப் பாடவைத்தே கூட்டிப்போனார்.

தீவுகளுக்குப் படகேறிய அன்று காலையில் எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார்.

“கேசியா, உனக்குத்தான் புள்ள குட்டி பாக்கற வேலை இல்லியே. சும்மா உக்காந்துக்கினு வராம, படகு எடுக்கும்போதெல்லாம் தல எண்ணு.”

சிலர் சிரித்தார்கள். தியோடர் கடலைப் பார்த்தான். கல்யாணமாகிப் பல வருடங்களாகக் காதில் விழுகிற பேச்சுதான். அதை அயல்நாட்டுக்கும் மூட்டை கட்டி எடுத்துவந்திருக்கிறாரே என்றுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

முதல் தீவில் கடலுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே கூட்டம் முட்டிக்கொண்டு குளித்தது. திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் இதைவிட ஒழுங்காக நிற்கும். ஸ்டான்லி படகில் கூட வந்த வழிகாட்டிப் பெண்ணைத் தெலுங்கில் அதட்டினார். தமிழ் புரியாதவர்களுக்குத் தெலுங்கு கட்டாயம் புரியும் என்பது அவருடைய நம்பிக்கை. “இவங்க கடையில எதையும் துன்னாதீங்க” என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் நின்று சுட்ட கணவாய் மீனைத் தின்றார். கேசியா பார்த்துவிட்டாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அவளுக்கும் ஆசீர்வாதம் சொன்னார்.

கடைசியாகப் போனது ஒரு சின்ன மணல்திட்டு, ஓரத்தில் பாறைகள். தண்ணீர் ஏறுகிறது, கிளம்பவேண்டும் என்று வழிகாட்டி அவசரப்படுத்தினாள். ஸ்டான்லியின் மனைவி கிரேஸ் வாந்தி எடுத்துக் களைத்து, துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தாள். கேசியா எண்ணினாள். ஒரு தலை குறைந்தது. பாறைகளுக்கு அப்பால் மஞ்சள் தொப்பி தெரிந்தது. ஸ்டான்லிதான். சபை வாட்ஸாப் குழுவுக்காக, போனைப் பார்த்துக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஓகே?” என்றாள் வழிகாட்டி.

“ஓகே” என்றாள் கேசியா.

படகு வெகுதூரம் போன பிறகுதான் தியோடர் எழுந்தான். “அண்ணன் எங்க?”

திரும்பிப் போனபோது ஸ்டான்லி முழங்கால் தண்ணீரில் பாறையைக் கட்டிப் பிடித்து நின்றிருந்தார். தூக்கி உட்காரவைத்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். தான் செய்தது பெரிய தவறு என்று கேசியாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த அழுகையை அவளால் மதிக்க முடியவில்லை. வலது கையில் போனை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் சாட்சி சொன்னார். தண்ணீர் கழுத்து வரை வந்துவிட்டதாம். படகுக்காரன் எண்ணாமல் போய்விட்டானாம். கர்த்தர் கைவிடவில்லையாம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் கேசியா நேரே அவரிடம் போனாள்.

“மாமா, படகுக்காரன் மேல தப்பில்ல. நீங்க பாறைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்தத நான் பாத்தேன். தெரிஞ்சேதான் ஓகே சொன்னேன்.”

ஸ்டான்லியின் முகம் வெளுத்தது. திட்டுவார், எல்லோரையும் கூட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெதுவா பேசு. சாட்சி சொல்லியாச்சு. இப்பப் போய் மாத்த முடியுமா?”

அவளுக்கு மன்னிப்புக் கேட்கிற எண்ணம் கொஞ்சம் இருந்தது. அது அந்த இடத்திலேயே போய்விட்டது. அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற தியோடரிடம் போனாள். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, ஸ்டான்லி போதகரிடம் இரண்டு கைகளையும் அகல விரித்து, சுறா எவ்வளவு நீளம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.