கியர் யாரிடம் கற்றது?

காரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, வண்டியில் கோளாறே இல்லை என்றுவிட்டான் திருப்பதி ஷோரூம்காரன் ஜெபகுமார். இது ஆட்டோமேடிக் கியராம், ஓட்டுகிறவர் காலைப் பார்த்துப் பழகிக்கொள்ளுமாம். மேடம் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மிதிக்கிறார்கள், அதைக் கற்றுக்கொண்டுதான் வண்டி இப்படிக் குலுக்கி உதைக்கிறதாம். கற்றதையெல்லாம் அழித்தாயிற்று, இனி ஒரு மாதம் சார் மட்டும் ஓட்டட்டும் என்றான்.

உடனே ஹேமநாத் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெண்டாட்டி தேவயானி பக்கத்திலேயே நின்றிருந்தாள். புத்தலப்பட்டிலிருந்து சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனிக்கு அவள் தினமும் அந்த வண்டியில்தான் போகிறாள். ஷிப்டு நேரத்துக்குப் பஸ் கிடையாது. சாவி போனால் வேலையும் போனதுதான். தெரிந்தேதான் போட்டுக்கொண்டான் என்று நினைத்தார் அவன் அப்பா கங்கையா. மகன் என்பதற்காக நல்லதாக நினைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணாடிக் கதவு வைத்த எந்தக் கடையையும் நம்பியதும் இல்லை. அதற்காகவே கூட வந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சந்திரகிரி நெரிசலில் ஹேமநாத் ஓட்டும்போதே வண்டி உதைத்தது. பின்னால் இருந்த கங்கையாவின் நெற்றி முன் சீட்டில் போய் முட்டியது. வண்டி இன்னும் தன்னைக் கற்றுக்கொள்ளவில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றான் மகன்.

கங்கையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ ஓட்டி ஒதைச்சா, கத்துக்கினு ஒதைக்குது. நீ ஓட்டி ஒதைச்சா, கத்துக்காம ஒதைக்குதா? இன்னாடா நாயம் இது?"

"உனுக்கு இதெல்லாம் தெரியாது நைனா. கம்முனு வா."

"தெரியாதவன் மண்டைதான்டா முட்டிச்சு. நிறுத்து வண்டிய."

ஓரங்கட்டினான். தேவயானி புருஷனைப் பார்க்காமல் மாமனாரிடம் பேசினாள்.

"கொஞ்சம் கத்துக்கும் மாமா, அது பொய்யில்ல. நாம வேகமா மிதிச்சா அதுக்குத் தக்கன மாத்தும். ஆனா ஒதைக்கிறது பழுது. ஒருவாட்டி நீங்களே ஓட்டிப் பாருங்கன்னு அந்த ஷோரூம் ஆளாண்ட எத்தினி தபா சொன்னேன். ஏறவே இல்ல."

"என்னாண்ட ஏன் சொல்லல?" என்றான் ஹேமநாத்.

"உன்னாண்டதான் மொதல்ல சொன்னேன்."

கங்கையா மகனை இறங்கச் சொன்னார். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்னை அழுத்தித் தெலுங்கில் திட்டினான். அவர் தாமே இறங்கிப் போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மூடுகிற மாதிரி தெரியவில்லை. ஹேமநாத் இறங்கிப் பின் சீட்டுக்குப் போனான்.

தேவயானி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து வண்டியைத் திருப்பதிப் பக்கமே திருப்பினாள். ஜெபகுமாரை ஏற்றி ஓட்ட வைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்றாள்.

அவள் காலுக்கும் வண்டி உதைத்தது. இந்தத் தடவை யாரும் அவளைக் குற்றவாளியைப் போலப் பார்க்கவில்லை.