கிளம்புங்க காபி

சம்பந்தம் பேச வந்தவளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, முற்றத்தில் போய்க் காபிக்கொட்டை வறுப்பானா ஒரு மனுஷன்? மென்சூர் வறுத்தார். வீட்டில் டப்பா நிறையத் தூள் இருக்கிறது. அது வாசம் போய்விட்டதாம். புதுசாக வறுத்து அரைத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் போனவர்தான்.

பெண்டாட்டி ஜும்ராவுக்கு இது ஒன்றும் புதிதல்ல. சராயேவோவில் டிராம் ஓட்டிய காலத்திலேயே ஆற்றோரம் லிண்டன் மரங்கள் பூத்துவிட்டால் மென்சூர் வண்டியை ஆமையாக நகர்த்துவார். வேலைக்குப் போகிறவர்கள் கத்தினால், ஜன்னலைத் திறந்து மோந்து பாருங்கள் என்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆட்டம் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆப்பிளைத் தோல் அறாமல் ஒரே சுருளாகச் சீவுவார், சீவி முடித்ததும் அதைத் தூக்கிப் பிடித்து ரசிப்பார். தக்காளிகளை ஜன்னலோரம் அடுக்கி, காலையில் ஒவ்வொன்றாக விசாரிப்பார். தெருவே இதற்கு மெராக் என்று பேர் வைத்துப் புகழ்ந்தது. எதைச் செய்தாலும் மனசு குளிரச் செய்கிற மனுஷனாம். புகழ்ந்தவர்கள் யாரும் அவரோடு கிளம்பி ஒரு கல்யாணத்துக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்.

இன்றைக்காவது அடங்கி இருக்கக்கூடாதா? மகள் மெரிமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒரு நிச்சயம் ஏற்கெனவே முறிந்த பெண். இப்போது திராவ்னிக் ஊரில் வாத்தியாராக இருக்கும் வாஹிதை அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் தகப்பன் இல்லாமல் தாயால் வளர்ந்தவன், தாய் சொல்லைத் தட்டமாட்டான். அந்தத் தாய் ரெஃபியாதான் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவர் அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால் அவ்வளவுதான் அம்மா என்று காலையில் சமையலறையில் மெரிமா சொல்லியிருந்தாள்.

வந்ததும் கொடுக்கிற வரவேற்புக் காபி ஆயிற்று. அடுத்துப் பேச்சுக் காபியும் ஆயிற்று. காபிதான் ஆயிற்றே தவிர பேச்சு வரவில்லை. ஜும்ரா மண்டபத்தைப் பற்றிக் கேட்டாள், ரெஃபியா ‘பார்க்கலாம்’ என்றாள். தேதியைப் பற்றிக் கேட்டாள், அதற்கும் ‘பார்க்கலாம்’தான். முற்றத்தில் கொட்டை வறுக்கிற உருளை சுழலும் சத்தம் மட்டும் கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாஹித் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். காலிக் கோப்பைகள் ஜும்ராவின் கண்ணை உறுத்தின. இந்த மனுஷனை நம்பினால் விடிந்த மாதிரிதான் என்று விறுவிறுவென்று உள்ளே போய், அந்தப் பழைய தூளிலேயே இன்னொரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ரெஃபியா கோப்பையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஜும்ராவுக்கு உறைத்தது. மூன்றாவது காபி. போதும், எழுந்திருங்கள் என்று வாயால் சொல்லாமல் விருந்தாளியைக் கிளப்பிவிடுகிற காபி. பிறந்ததிலிருந்து இந்த ஊர்க் காபியைக் குடித்து வளர்ந்தவள், மகளைக் கேட்டு வந்தவளிடம் போய் அதை நீட்டியிருக்கிறாள். இதை வாய்விட்டு விளக்கவும் முடியாது. விளக்கினால் இன்னும் கேவலம்.

ரெஃபியா மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். “புரிஞ்சுதுங்க. கிளம்பறோம்” என்றாள். கதவோரம் நின்ற மெரிமா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

அந்த நேரம் பார்த்து மென்சூர் நுழைந்தார், சட்டையெல்லாம் புகை வாசம், கையில் காபித் தட்டு, நெற்றியில் கரி. நின்றவர்களைப் பார்த்தார், நிறைந்த கோப்பைகளைப் பார்த்தார், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் காபியே வரலையே” என்றார்.

“மூணு ஆச்சு” என்றாள் ரெஃபியா.

“அது என் வீட்டுக்காரி போட்டதும்மா. அதை இந்தத் தெருவுல யாரும் காபின்னு கணக்குல சேர்க்கறதில்ல. வேணும்னா அவளையே கேளுங்க.”

ஜும்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பெருமை உண்டென்றால் அது அவள் காபிதான். கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். மெரிமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க சம்பந்தி. எனக்குக் காபி போட வராது” என்றாள் ஜும்ரா.

ரெஃபியாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மென்சூர் கலகலப்பாகப் பேசிக்கொண்டே தட்டிலிருந்த ஒவ்வொரு கோப்பையிலும் முதலில் நுரையைப் போட்டு அப்புறம் காபியை ஊற்றினார். தூள் அடங்கும்வரை யாரும் தொடக்கூடாதாம். எல்லாரும் காபியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ரெஃபியா சர்க்கரைக் கட்டியின் நுனியை நனைத்துக் கடித்து, ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்காமல் பேசினாள். “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். அடுப்புகிட்ட நின்னா நகரமாட்டார். சீக்கிரம் சீக்கிரம்னு கத்திக்கிட்டே இருப்பேன். இப்ப வெந்நீர்ல தூளைக் கலக்கி நின்ன வாக்குல குடிச்சிடறேன். குடிச்சு முடிச்சா பகல் முழுசும் அப்படியே கெடக்குது.”

மென்சூர் அவள் கோப்பையை நிரப்பினார்.

அதன் பிறகு ரெஃபியா கிளம்பவில்லை. தக்காளிகளைப் போய்ப் பார்த்தாள். ஆப்பிள் சீவச் சொல்லிப் பார்த்தாள். கல்யாணத்தைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று தானாகவே சொன்னாள். மெரிமா சமையலறைக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள். மலைச்சரிவில் விளக்குகள் எரியத் தொடங்கின. ஜும்ராவின் இடுப்பு வலித்தது, இராச் சாப்பாட்டுக்கு அடுப்பில் ஒன்றும் இல்லை, சம்பந்தியோ சோபாவில் சாய்ந்துவிட்டாள். கிளப்பிவிடுகிற காபியைப் போடவும் வழியில்லை. அவளுக்குத்தான் காபி போடத் தெரியாதே.

“ஏங்க, நீங்களாவது போய் அந்தக் கடைசிக் காபியப் போடுங்களேன்” என்று மென்சூரின் காதில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“கொட்டை தீந்துபோச்சு. மறுபடி வறுக்கணும்” என்றார் அவர், சந்தோஷமாக.

ஜும்ரா தொப்பென்று உட்கார்ந்தாள். மென்சூர் ஊற்றியதிலிருந்து தொடாமல் வைத்திருந்த தன் கோப்பை எதிரில் இருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. ஆறியும் அவள் ஆயுசில் போட்ட எந்தக் காபியையும்விட நன்றாக இருந்தது. அவளுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மென்சூர் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு மிச்சத்தை மெதுவாகக் குடித்தாள்.