சிதம்பரம் பஸ்ஸில் ஏறிய ட்ரோன்

கீரப்பாளையம் பக்கம் இளவரசு அண்ணனின் நெல் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோனோடு போயிருந்தேன். கடலூரில் எங்கள் மகளிர் குழு பல வாசல் ஏறி இறங்கி வாங்கிய ட்ரோன் அது. ஓட்டப் பயிற்சி எடுத்தவள் நான் ஒருத்திதான். இந்த வயல் சரியாக அமைந்தால் வாய்க்கால் நெடுக எல்லோரும் கூப்பிடுவார்கள். சொதப்பினால் ட்ரோன் குழு அறையில் தூசி தின்னும்.

இளவரசு அண்ணனுக்கு ஒரே பயம். பக்கத்திலேயே அவர் மச்சானின் மீன் குட்டை இருக்கிறது.

"சிக்னல் கட்டாயி அந்தப் பக்கம் பூடுச்சுன்னா மீனெல்லாம் செத்துடும்மா. அப்பறம் நான் பொண்டாட்டிக்கு பதில் சொல்ல முடியாது."

"போவாதுண்ணா. சிக்னல் போனா மருந்த நிறுத்திட்டு, கெளம்புன எடத்துக்கே வந்து எறங்கிடும்."

அவர் நம்பவில்லை. நான் சொல்லி யார் நம்பியிருக்கிறார்கள்?

வரப்பெல்லாம் சேறு. ரோட்டோரம் ஓரிடம்தான் காய்ந்து மட்டமாக இருந்தது. அங்கே எங்கள் குட்டியானை லோடு வண்டியை நிறுத்தி, மேலே பலகை போட்டு ட்ரோனைக் கிளப்பினேன். "வண்டி இங்கயே நிக்கட்டும்" என்று கணவர் டோனியிடம் சொல்லிவிட்டு வயலில் இறங்கினேன். அது பஸ் நிற்கிற இடம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போட்டுக்கொடுத்த பாதையில் ட்ரோன் தானாகவே போய்வந்தது. இளவரசு அண்ணனின் மனைவி கலைமணி மோட்டார் கொட்டகையிலிருந்து, "வெயில்ல நிக்காதம்மா, உள்ள வந்து மோர் குடி" என்று கூப்பிட்டார். ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அந்தத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தேன். ரெண்டாவது மடக்கு உள்ளே போவதற்குள் ரிமோட் கத்தியது. தகரம் மறைத்ததில் சிக்னல் இல்லை. மோருக்கு ஆசைப்பட்ட எனக்கு இது வேண்டும்தான்.

வெளியே ஓடினேன். ட்ரோன் மருந்தை நிறுத்திக்கொண்டு, உயர எழும்பி, குட்டைப் பக்கமே போகாமல் ரோட்டை நோக்கிப் பறந்தது. இளவரசு அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிக்குத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெருமை ரோட்டைப் பார்க்கும்வரைதான். வண்டியைக் காணோம். அந்த இடத்தில் சிதம்பரம் பஸ் நின்றிருந்தது. ட்ரோன் அதன் கூரையில் சமர்த்தாக உட்கார்ந்து இறக்கையை நிறுத்தியது. விசில் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

"பஸ்ஸுக்கு வழிவுட வேணாமா?" என்றார் டோனி, தள்ளிப் புளியமரத்தடியில் வண்டிக்குள் இருந்தபடி.

திட்டக்கூட நேரமில்லை. வண்டியை விரட்டினோம். பின்னாலேயே பைக்கில் இளவரசு அண்ணன். அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்தோம். கண்டக்டர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தீங்களாம்மா?"

பஸ்ஸே சிரித்தது. குழுவில் என்ன சொல்வேன்? இளவரசு அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் ட்ரோனை இறக்க ஒரு கை கொடுத்தார். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சிக்னல் போச்சு, ஆனா குட்டைப் பக்கம் போவல. கெளம்புன எடத்துக்கு கரெக்டா வந்துச்சு. நவுந்தது உங்க வூட்டுக்காரருதான். வாம்மா, மிச்சத்தயும் அடிச்சிடலாம்."

ஜன்னலோரம் இருந்த ரெண்டு பேர் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து, பஸ் நிற்காத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். ட்ரோனைக் கிளப்புவதற்கு முன், வண்டிச் சாவியை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.